மதிய வெயிலில் ஒரு பள்ளம்

என் மனைவியின் வெயிலை நான்தான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டது தெரியாமலே ஒரு கோடை முழுவதும் அந்த வெயிலைக் கைபேசியில் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தேன்.

வில்லாபுரத்தில் எங்கள் வீடு. ஒரே தளம், மேலே மொட்டை மாடி. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்தால் நான் எதற்கெடுத்தாலும் கத்துவேன் என்று எனக்கே தெரிந்ததால், திருமங்கலத்தில் ஒரு பம்ப்செட் கடையில் கணக்கு எழுதப் போய்விட்டேன். காலை எட்டரைக்குக் கிளம்புவேன். ஜன்னல் ஓரம் கிடைத்தால் அரைத் தூக்கம்தான். கண்ணை மூடித் திறந்தால் திருப்பரங்குன்றம். மறுபடி மூடித் திறந்தால் திருநகர். இன்னொரு தடவை திறக்கும்போது கட்டிடங்கள் விலகி, வெளிச்சம் மட்டும் நிறைந்த வெட்டவெளி வந்திருக்கும்.

அந்த அரைத் தூக்கத்தில்தான் ஆப்பைத் திறப்பேன். எங்கள் மாடியில் போட்ட சோலார் பலகைகள் அந்த நிமிடம் எவ்வளவு கரண்ட் தருகின்றன என்று அது காட்டும். காலை ஆறரைக்குத் தரையிலிருந்து ஒரு கோடு மெல்ல எழும்பும். உச்சி வேளையில் முழுதாக நிமிர்ந்து, சாயங்காலம் அதே நிதானத்தில் இறங்கும். சின்ன மேகம் கடந்தால் கோட்டில் ஒரு சின்னக் கீறல் விழும். ஜன்னலில் ஒரு குன்று, கையில் ஒரு குன்று என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போவேன். எங்கள் மாடியில் விழும் வெயிலை இங்கே இருந்து தொடுகிறேன் என்று ஒரு மிதப்பு.

பலகை போட்டதற்குக் காரணம் அவள்தான். அதற்கு முந்தின சித்திரையில், மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உச்சி வேளையில குளுமையான ரூம்ல வச்சுக்கங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார். அன்றைக்கு எனக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அவள் இல்லாத வீட்டை ஒரு கணம் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

உடனே ஏசி வாங்கினேன். அவள் போட மாட்டாள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இருக்கிற வியாதி அது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க வருவார்கள். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் காசு கூடுவதில்லை, மொத்த பில்லே எகிறும். ரீடிங்குக்கு முந்தின வாரம் தெருவே இருட்டில் டிவி பார்க்கும். இவள் ஒருபடி மேல். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துக் காலண்டர் தாளில் எழுதிவைப்பாள். அந்த ஐந்நூறுக்குள் வீட்டை நடத்தி நடத்தி, அது அவள் கையில் ஊறிப்போயிருந்தது.

சரி, கரண்டே ஓசி என்றால் என்ன செய்வாள் என்றுதான் சோலாருக்குப் போனேன். அரசு மானியம் இருந்தது, மீதியை என் ஓய்வுப் பணத்தில் போட்டேன். கம்பெனி ஆள்கள் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணித் தொட்டியின் நிழல் விழாத இடம் தெற்குப் பக்கம் மட்டும்தான் என்றார்கள். அது அவள் வத்தல் காயப்போடும் இடம்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வத்தலுக்கு எடம் இருக்குமா?"

"இன்னும் என்ன வத்தலு? வெயில்லயே போகக் கூடாதுன்னுருக்காரு டாக்டரு."

"சரி" என்றாள்.

அந்தச் 'சரி'யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அவ்வளவுதான் மூளை. மாசி பிறந்தால் அவளிடம் வத்தல் சொல்லிவைக்கிற வீடுகள் இந்தப் பக்கம் அத்தனை உண்டு. ஜவ்வரிசியும் பச்சரிசி மாவும் போட்டுக் கூழ் காய்ச்சி, நட்சத்திர அச்சில் பிழிவாள். அந்தக் காசு அவளுடையது. அது எவ்வளவு, எங்கே வைக்கிறாள் என்று நான் கேட்டதே கிடையாது. கேட்காததைப் பெரிய பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தவன், இடத்தை எடுக்கும்போதும் கேட்கவில்லை.

தை மாதம் பலகைகள் ஏறின. ஆறு பலகைகள், இரண்டு வரிசை. முன் விளிம்பு இடுப்பு உயரம், பின் விளிம்பு ஆள் உயரம். இரண்டு வாரம் என் குன்று குறையில்லாமல் எழுந்து இறங்கியது.

கடைக்கு வருகிற விவசாயிகளிடமெல்லாம் அதைக் காட்டினேன். திருமங்கலத்துக்கு மேற்கே இருந்து வருகிறவர்கள். முக்கால்வாசிப் பேர் மோட்டார் எரிந்துபோய் வருவார்கள். தோட்டத்துக்குக் கரண்ட் இலவசம். வருகிறபோது வரட்டும், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று கரண்ட் வந்ததும் தானாக ஓடும்படி மோட்டாரை ஆட்டோ ஸ்டார்ட்டரில் போட்டுவிட்டு வீட்டில் படுத்திருப்பார்கள். தண்ணீர் வருடா வருடம் கீழே போகும். போகப் போகப் பெரிய மோட்டார் வேண்டும். எங்கள் கடைக்குப் பிழைப்பே அதில்தான், பொய் சொல்வானேன். இப்போது சோலார் மோட்டாருக்கும் மானியம் வந்துவிட்டது. அதற்கு மனு எழுதித் தருவதும் நான்தான்.

அவர்களில் ஒருவர், போர் தண்ணீர் வற்றி மூன்றாம் தடவையாகக் குழாய் இறக்கியவர், ஆப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அண்ணே, காத்துக்கும் தண்ணிக்கும் வெல வச்சாச்சு. சூரியனுக்கு என்னைக்கு மீட்டரு மாட்டப் போறாக?"

"எங்க வீட்ல மாட்டியாச்சு" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மாசி நடுவில் பள்ளம் விழுந்தது.

காலை ஒன்பதரை வரைக்கும் கோடு நன்றாக ஏறும். அதற்குப் பிறகு யாரோ குன்றின் தலையை வெட்டி எடுத்த மாதிரி பாதிக்கு இறங்கிவிடும். நாலு மணிக்கு மறுபடி பழைய கோட்டைப் பிடித்து ஒழுங்காக இறங்கும். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். இதில் பெரிய விசித்திரம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பள்ளம் விழாது. நான் வீட்டில் இருக்கிற அன்றைக்கு முழுக் குன்று. நானும் படித்தவனாயிற்றே, காரணம் கண்டுபிடித்தேன். பக்கத்துத் தெரு லேத் பட்டறைகள் ஞாயிறு லீவு. மற்ற நாளில் அவர்கள் இழுக்கிற இழுப்பில் வோல்டேஜ் கெட்டு என் இன்வர்ட்டர் மூச்சுத் திணறுகிறது. இதை இரண்டு பக்கத்துக்குக் கடிதமாக எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினேன். அவளிடமும் வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் எழுதிருக்கீக" என்றாள்.

ஒரு ஞாயிறு டெக்னீசியன் வந்தார். நாற்பது வயதிருக்கும், பொறுமையான மனிதர். என் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். எனக்கு முழங்கால் வலி, பலகை ஏறியதிலிருந்து மாடிப் பக்கமே போனதில்லை. வெயிலைக் கையிலேயே வைத்திருப்பவனுக்கு மாடி எதற்கு? அரை மணி நேரம் கழித்து அவர் கீழே இறங்கி வந்து உள்ளங்கையை நீட்டினார். வெள்ளையாக, நட்சத்திர விளிம்போடு ஒரு சின்னத் துண்டு.

"கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு சார். பறவை எச்சம்னு நெனச்சேன். சுரண்டிப் பாத்தா சீரகம் இருக்கு." வாயில் போட்டுப் பார்த்தார். "உப்பும் ஒறப்பும் சரியா இருக்கு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. நான் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பலகையில எந்தப் பழுதும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றேன். அவர் சிரிக்காமல் எழுதிக் கொடுத்தார். பெரிய மனதுக்காரர்.

அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல எட்டரைக்குக் கிளம்பிக் கடைக்குப் போனேன். பதினொரு மணிக்குப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, தலைவலி என்று சொல்லித் திரும்பிவிட்டேன். பழங்காநத்தத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வழி நெடுக, டாக்டர் சொன்னதை எப்படித் திருப்பிச் சொல்லிக் கத்தவேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை.

வீடு சும்மா சாத்தியிருந்தது. ஏசி அறை வெந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினேன்.

மேலே என் வேட்டிகள். வேலைக்குக் கட்டிப்போய் நைந்த வேட்டிகள் எல்லாம் சுத்தமாகத் துவைக்கப்பட்டு, மூன்று பலகைகளின் மேல் விரித்து, மூலைகளில் நாடா வைத்துக் கட்டப்பட்டிருந்தன. அதில் வரிசை வரிசையாக வெள்ளை நட்சத்திரங்கள். பட்டப்பகலில் அத்தனை நட்சத்திரத்தை நான் பார்த்ததில்லை. கண் கூசியது. அவளைக் காணோம். குனிந்து பார்த்தேன். பின் வரிசைப் பலகைக்கு அடியில் பாயை விரித்து, நனைத்த துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

அங்கே வேகும் என்றுதான் நினைத்தேன். குனிந்து உள்ளே நுழைந்தால், தெற்கேயிருந்து காற்று தரையோடு வந்துகொண்டிருந்தது. வெளியே உலகமே வெள்ளையாகக் கரைந்துகொண்டிருந்தது, அதன் நடுவில் நீலமாக ஒரு நிழல். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கண் விழித்தவள் பதறவில்லை. "சாப்டீகளா?" என்றாள்.

"என்னம்மா இது?"

"வத்தலு."

"அது தெரியிது. டாக்டரு என்ன சொன்னாரு?"

"வெயில்ல போகாதன்னாரு. நான் எங்க வெயில்ல கெடக்கேன்? ஒம்பதரைக்குள்ள பிழிஞ்சு போட்டுட்டு நெழலுக்கு வந்துருவேன். மேல வெயிலு, அடியில கண்ணாடிச் சூடு, ஒரே நாள்ல காஞ்சு போகுது. சுடுறதால காக்காயும் உக்கார மாட்டேங்குது." எழுந்து உட்கார்ந்து துண்டை அவிழ்த்தாள். "நல்ல பொருள்தான் வாங்கிருக்கீக."

"ஏசியப் போட்டுப் படுத்தா என்ன? அதுக்குத்தான இம்புட்டும்."

"படுத்துப் பாத்தேங்க. தூக்கம் வரல. அது ஓடுற சத்தத்தக் கேக்கக் கேக்க யூனிட்டு ஞாபகந்தான் வருது."

"இப்பத்தான் ஓசியாச்சே."

"ஒங்க கடைக்கு வாராகளே, அவுகளுக்கும்தான் ஓசி. தண்ணி எங்க போய் நிக்கிதுன்னு நீங்கதான வந்து சொல்றீக."

நான் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எடத்த எடுத்ததுகூடப் பரவாயில்லங்க. என்னையக் கேட்டுருக்கலாம்."

தப்புதான் என்றேன். வாயைத் திறந்து அதை நான் சொன்ன முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும், அவள் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் தலையணையை என் பக்கம் தள்ளினாள். அந்த நிழலில் நான் தூங்கிய தூக்கத்தை அதற்கு முன்னும் தூங்கவில்லை, பின்னும் தூங்கவில்லை. எழுந்தபோது மணி நாலு. அவள் வேட்டிகளின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வத்தலை உரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் பள்ளத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பஸ்ஸில் கண்ணை மூடித் திறக்கும்போது ஆப்பைப் பார்ப்பேன். ஒன்பதரைக்குக் கோடு இறங்கும். பிழிந்து முடித்துவிட்டாள், நிழலுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். யூனிட் குறைந்ததைப் பற்றி நினைக்கவே தோன்றாது. அங்கே ஒரு பெண் பாயில் படுத்திருக்கிறாள் என்று இந்தக் கோடு எனக்கு மட்டும் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு, நானும் தூங்கிப்போவேன். இரண்டொரு தடவை திருமங்கலம் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

மறு வருடம் பங்குனிக் கடைசி. கோடை சீக்கிரமே வந்து உட்கார்ந்துகொண்டது. ராத்திரிகூடக் காரைச் சுவர் சுட்டது. ஒரு புதன்கிழமை, கடையில் பத்து மணிக்கு ஆப்பைத் திறந்தேன். கோடு ஏறிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கும் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கீறல் இல்லாத வழுவழுப்பான குன்று. போன வருடம் நான் எதற்காகக் கத்திக் கடிதம் எழுதினேனோ, அப்படியே இருந்தது. அழகாக இருக்கிறதே என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டேகூட இருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. ராத்திரி அவள் ஜவ்வரிசி ஊறப்போட்டதை நான் பார்த்தேன். ஞாயிறும் இல்லை. வேட்டி விரிக்கவில்லை என்றால் அவள் எங்கே?

நாலு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. எதிர் வீட்டுத் தங்கச்சிக்குப் போட்டேன். அவள் என்னை அண்ணன் என்றும் இவளை மதினி என்றும் கூப்பிடுகிறவள்.

"தங்கச்சி, எங்க வீட்ல கொஞ்சம் எட்டிப் பாரு."

"என்னண்ணே?"

"மாடியில துணி விரிக்கலம்மா இன்னைக்கி."

"திருமங்கலத்துல இருந்துக்கிட்டு ஒங்களுக்கு எப்படிண்ணே..."

"நீ மொதல்ல போம்மா."

கிடைத்த பஸ்ஸில் ஏறி நின்றேன். அதே சாலை, அதே வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கையில் குன்று ஏறிக்கொண்டே இருந்தது. விழுடா, பள்ளம் விழுடா என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் போல, பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். திருநகர் வந்தபோது போன் அடித்தது.

"அண்ணே, மதினி அடுப்படியில விழுந்து கெடந்தாக. மூச்சு இருக்கு. ஒடம்பு கொதிக்கிது. கூழு அடிப்பிடிச்சு ஒரே பொகை, அடுப்ப அமத்திட்டேன். ஏசி ரூமுக்குத் தூக்கிட்டு வந்துட்டோம், ஈரத்துணியப் போட்டுருக்கோம். ஆட்டோக்குச் சொல்லியாச்சு, வந்துக்கிட்டு இருக்கு. ரிமோட்டு எங்கண்ணே?"

"பீரோவுல, சேலைக்கு அடியில பாரு."

பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. "கெடச்சுருச்சு. கவர்கூடப் பிரிக்கல. அண்ணே, இதுல பேட்டரி இல்லயே."

"டிவி ரிமோட்டுல இருக்கும். அதக் கழட்டிப் போடு."

அவள் எங்கே எதை மிச்சம் பிடிப்பாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவும் தெரிந்த நான் பேட்டரி வாங்கிப் போடவில்லை. பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமாக இல்லை.

இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது. பிழைத்துக்கொண்டாள். அரை மணி தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். மாடியில் விழுவாள் என்று ஆப்பை வைத்து மாடிக்குக் காவல் இருந்தேன். அவள் விழுந்தது காற்றே வராத அடுப்படியில், கூழ் கிண்டும்போது.

பத்து நாள் கழித்து ஒரு காலை, கடைக்கு லீவு சொன்னேன். அடுப்படியில் ஒரு ஃபேன் மாட்டியிருந்தேன். நான் கூழ் கிண்டினேன். அவள் ஏசி அறையில் படுத்து, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, உப்பு எவ்வளவு, தீ எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குளிரெல்லாம் வெளியே போகிறது, கதவைச் சாத்து என்று நான் சொல்லவில்லை. கூழை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், பலகைமேல் வேட்டி விரித்துப் பிழிந்தேன். நட்சத்திரம் ஒன்றுகூட நட்சத்திரமாக வரவில்லை. முழங்கால் விண்விண்ணென்றது. பாயை விரித்து நிழலில் படுத்துக்கொண்டேன்.

கண் செருகும்போது போன் அடித்தது. கீழேயிருந்து அவள்தான். முந்தின நாள்தான் அவள் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"ஏங்க, பள்ளம் விழுந்துருச்சு."

"ஆமா. போட்டு முடிச்சுட்டேன்."

"ஏசி ஓடிக்கிட்டு இருக்கேங்க. பலகைய மூடிட்டா இதுக்குக் கரண்டு? காசு குடுத்துல்ல வாங்கணும்?"

"வாங்குவோம்."

"ஐந்நூறத் தாண்டிரும்."

"தாண்டட்டும்."

போனில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நின்றுவிடுமோ என்று காதை அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நெழல்லதான இருக்கீக?" என்றாள்.

"நெழல்லதான்."

"அப்பச் சரி" என்றாள். ஏசியை அவள் அணைக்கவில்லை.